கத்துகிற பிரேக்

பயப்படுவதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திருகிப் பார்ப்பாள். பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பிவந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். சாலையைக் கடக்க எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் மட்டும் ஓரத்தில் நிற்பாள். அதனால் புருஷன் அவளுக்கு வைத்த பெயர் ‘சிக்னல்’. கல்யாணமான இரண்டாம் வருஷம் வைத்தது. இப்போது மகளுக்கு இருபது வயது. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் பதினாறு வயதான பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கப்போகிறது என்றால், அவள் எப்படிப் பயந்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புருஷனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஊருக்குள் இருந்த பழைய நிலையத்தை மூடிவிட்டு, ஆற்றோரமாகப் புதிதாகக் கட்டிய இடத்துக்கு எல்லோரையும் மாற்றிவிட்டார்கள். போக நாற்பத்தெட்டு கிலோமீட்டர், வர நாற்பத்தெட்டு. இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு நடை. நாலு மாதத்தில் மனிதருக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டிவிட்டது. நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

“சின்னதா ஒரு வண்டி வாங்குங்களேன். ஸ்கூட்டர் மாதிரி” என்றாள் அவள், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

“ஸ்கூட்டர்ல தினம் நூறு கிலோமீட்டரா? இடுப்பு கழண்டு கைல வந்துடும். பக்கத்துல ஒரு லாரி போனா சின்ன வண்டி ஆடும். இது அசையாது. முன்னாடி காத்துத் தடுப்பு இருக்கு, பின்னாடி ரெண்டு பக்கமும் பெட்டி இருக்கு, நாள் முழுக்க உக்காந்தாலும் வலிக்காத சீட்டு. தூரம் போறதுக்குன்னே செஞ்ச வண்டி. பாப்பாவைக் காலேஜ்ல கொண்டுபோய் நானே விட்டுட்டு வருவேன்.”

“வேகமாப் போறதுக்கும்தானே செஞ்சிருக்காங்க?”

“போகும். போகணும்னு கட்டாயமில்ல.”

“போகும்ல? அதைத்தான் சொல்றேன்.”

அதற்குமேல் பேச்சு நகரவில்லை. அவள் ஒரே பாத்திரத்தை மறுபடியும் துலக்கினாள்.

வண்டியை விற்கிறவர் ஒரு பல் டாக்டர். முதுகு பழுதாகிவிட்டதால் இனி ஓட்ட முடியாதாம். விடுமுறை நாள் காலையில் பார்க்கப் போனபோது, துணைக்கு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டார்கள். மெக்கானிக்குக் குரல் எப்போதும் கரகரவென்றிருக்கும். அதனால் எல்லோரும் அவனை உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கோபித்துக்கொள்வதுமில்லை.

டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உப்புத்தாள் குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“ஜில்லுனு இருக்கு. நல்லது.”

“என்ன தம்பி பாக்கற?” என்றாள் அவள்.

“நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டு சூடு பண்ணி வச்சிருந்தாங்கன்னா, காலைல கிளம்ப அடம்பிடிக்கிற வண்டின்னு அர்த்தம்க்கா. அதை மறைக்கத்தான் சூடு பண்ணுவாங்க.”

டாக்டர் சிரித்தார். “என் கிட்ட பல்லைக் காட்ட வர்றவங்களும் என்னை இப்படித்தான்பா சந்தேகமாப் பாக்கறாங்க.”

சாவியைத் திருப்பியதும் வண்டி மறுபேச்சில்லாமல் கிளம்பியது. உப்புத்தாள் செயினை இழுத்துப் பார்த்தான். முன்பக்கக் குழாய்களில் எண்ணெய் கசிகிறதா என்று டார்ச் அடித்தான். டயரின் பக்கவாட்டில், அதைச் செய்த வருஷத்தைச் சொல்லும் நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“பத்து வருஷ டயர் சார் இது. மேல பட்டன் வெட்டு எல்லாம் புதுசு மாதிரி நிக்குது, ஆனா ரப்பர் கல்லாப் போச்சு. இதுல மழைல போனா நேரா மேல போய்ச் சேர வேண்டியதுதான். மாத்தியாகணும். பிரேக் பேடும் தேஞ்சிருக்கு.”

அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பார்த்தால் புதுசு, உள்ளே கல். இப்படி இன்னும் எத்தனை இருக்குமோ இந்த வண்டியில் என்று நினைத்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இதுல விழுந்திருக்கீங்களா டாக்டர்?”

“ஒரு தடவைம்மா. நின்ன இடத்துலயே. பெட்ரோல் போடக் காலை ஊனினேன், கீழே மணல். வண்டியும் சாஞ்சது, நானும் சாஞ்சேன். இதோ இந்தக் கீறல். மறைச்சு என்ன ஆகப்போகுது?”

நல்ல மனிதர் என்று பட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லையாகப் போய்விட்டது. பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் வேண்டாம் என்று அடித்துப் பேசியிருக்கலாம்.

பத்து நாளில் புது டயர், புது பிரேக் பேடு எல்லாம் போட்டு வண்டி வந்து சேர்ந்தது. கருநீல நிறம். தெருவில் இருந்தவர்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர், “அண்ணனுக்குப் பத்து வயசு குறைஞ்சிடுச்சே” என்றார். அண்ணனுக்குக் குறைந்த பத்தும் அண்ணன் பெண்டாட்டிக்கு ஏறியதை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து அவர் வரும் நேரம் அவளுக்குச் சோறு இறங்காது. தட்டில் பிசைந்த சோறு காய்ந்துபோகும். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் கை நிற்கும். அவர் வண்டி இல்லையென்றால் கை மறுபடியும் பிசையும். கடைசியில் அவர் தெருவில் திரும்பி, வாசலில் பிரேக் பிடிக்கும்போது ‘கீ...ச்’ என்று ஒரு கத்தல் வரும். பல்லைக் கூசவைக்கிற கத்தல். வந்துவிட்டார் என்ற நிம்மதியை அந்தக் கத்தல் பாதியிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

புது பேடு போட்டால் கொஞ்ச நாள் அப்படிக் கத்தும், பழகினால் நின்றுவிடும் என்று உப்புத்தாள் அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“ஏங்க, பிரேக் அப்படிக் கத்துதே?”

“கத்தட்டும் சிக்னல். நீ கத்தறதை விடவா?”

மகளும் சேர்ந்து சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைக்கிற வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் மணி அடித்ததும் முதல் ஐந்து நிமிஷம் யாரும் தைக்கக் கூடாது. மெஷினில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வீணான துணியில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஏதாவது மெஷின் கீச்சிட்டால் சூப்பர்வைசர் அந்தக் கடைசியிலிருந்து கத்துவார்: “யாருது அது? எண்ணெய் விடலையா?” இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மெஷின் ஒருநாளும் கத்தியதில்லை. இரும்பு கத்தினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். ஓட்டை இருந்தால் அது எண்ணெய்க்கு என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும்.

மகளுக்குக் காலேஜ் திறக்கிற நாள் நெருங்கியது. முந்நூறு கிலோமீட்டர். அப்பாவும் மகளும் வண்டியிலேயே போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். அவளைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது, சொன்னார்கள். அவள் பஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். மகள் அதை மடித்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த தடவைம்மா” என்றாள்.

கிளம்புகிற காலை. வானம் மூட்டமாக இருந்தது, மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத மூட்டம். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மகள் முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் மகளின் துணிகளை மடித்து வண்டியின் இடதுபக்கப் பெட்டியில் அடுக்கினாள். எல்லாம் அவளே தைத்தவை. மேலாக மஞ்சள் சுடிதாரை வைத்து மூடியைப் பூட்டினாள்.

நிமிரும்போது முன்சக்கரத்தைப் பார்த்தாள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் வட்டமாகப் பளபளவென்று ஒரு தகடு. அந்தத் தகட்டைப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது, அங்கிருந்துதான் கத்தல் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு பக்கத்தில் இதற்குமுன் அவள் குனிந்து பார்த்ததில்லை. தகடு முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

எல்லாமே காய்ந்து கிடந்தன.

இவ்வளவு ஓட்டை வைத்துச் செய்திருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு சொட்டு விடவில்லை. இப்படியேவா முந்நூறு கிலோமீட்டர் போகப்போகிறார்கள்? உள்ளே ஓடிப்போய்த் தன் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனாள். பிறகு வெட்டுத்துணியால் மேலே வழிந்ததைப் பதமாகத் துடைத்தாள். கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபடி, கறை தெரியாமல்.

புருஷன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். “என்ன சிக்னல், வண்டிக்குப் பூசையா?”

“தூசி தொடச்சேன்” என்றாள். சொன்னால் கேலி செய்வார். ஊர் போய்ச் சேர்ந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்பினார்கள். தெருமுனையில் அவர் பிரேக் பிடித்ததை அவள் வாசலிலிருந்து பார்த்தாள். வண்டி நின்றது. சத்தமே இல்லை. மகள் கையசைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. மகள் மிச்சம் வைத்த ரொட்டியை எடுத்துத் தின்றாள்.

கால் மணி கழித்து உப்புத்தாள் தன் பழைய ஸ்கூட்டரில் வந்து நின்றான். கையில் ஒரு சின்னப் பை.

“அண்ணன் கிளம்பிட்டாராக்கா? டூல்ஸ் பையை என் பட்டறையிலயே விட்டுட்டார். வழில ஏதாவதுன்னா வேணுமேன்னு ஓடிவந்தேன்.”

“இப்பதான் தம்பி போனாங்க. உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ. ஆமா, அந்த பிரேக் கத்தலை நிறுத்திட்டேன் தெரியுமா?”

“நிறுத்திட்டீங்களா? எப்படி?”

“நீங்கல்லாம் மறந்துட்டீங்க. அந்தத் தகட்டுல இருக்கற ஓட்டைல எல்லாம் எண்ணெய் விட்டேன்.”

படியில் வைத்த காலை உப்புத்தாள் பின்னால் எடுத்தான்.

“டிஸ்க்குலயா? அக்கா... டிஸ்க்குலயா எண்ணெய் விட்டீங்க?”

“ஏன்? என்ன?”

“அது எண்ணெய் ஓட்டை இல்லக்கா. சூடு போறதுக்கு வச்சது. அதுல எண்ணெய் பட்டா பிரேக்கே பிடிக்காதுக்கா!”

“தெருமுனைல நின்னுச்சே? நான் பாத்தேனே?”

“மெதுவாப் போறப்ப எண்ணெய் ஓட்டைக்குள்ளயே நிக்கும். மெயின் ரோட்டுல வேகம் எடுத்தா சுத்துற சுத்துல வெளிய தெறிச்சுத் தகடு பூரா பரவிடும். பின் பிரேக் மட்டும் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தாது. போன் போடுங்க. சீக்கிரம் போடுங்க!”

அவள் போனில் யார் யார் பெயரையோ அழுத்தினாள். அவனே போனை வாங்கிப் போட்டான். அவருக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. மகளுக்கு அடித்தது, எடுக்கவில்லை. தலையில் ஹெல்மெட், போன் பைக்குள். மறுபடி போட்டான். மறுபடி.

“நான் பின்னாலயே போறேன்” என்று அவன் ஸ்கூட்டரை உதைத்தான்.

இருபது வருஷமாக இரண்டு சக்கரத்தில் ஏறாதவள் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கதவைப் பூட்டினாளா, அடுப்பை அணைத்தாளா, எதுவும் அவளுக்கு நினைவில்லை. கையில் எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. புடவையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

மெயின் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது. லாரிகள் உரசுவதுபோல் தாண்டிப் போயின. அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் ஒவ்வொரு வளைவையும் எட்டி எட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் கூட்டம் நின்றது. அவள் தோளைப் பிடித்து உலுக்க உப்புத்தாள் நிறுத்தினான். சரிந்த மூட்டையிலிருந்து சிதறிய காய்கறிகளை யாரோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நான்தான் தம்பி. நானே என் கையால...”

“பேசாதீங்கக்கா. ரோட்டைப் பாருங்க.”

இருபது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ரோடு வேலை நடக்கிற இடம். ஒரு பக்கத்தை அடைத்து வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உப்புத்தாள் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். தார்மேல் ஏதோ கிடந்தது. பிளந்துபோன ஒரு பெட்டி. அதற்கு அப்பால் மஞ்சளாகத் துணி. அந்தக் கழுத்துத் தையலை எவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரியும். ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்து இறங்கப் பார்த்தாள்.

“அம்மா!”

குரல் ஜல்லிக் குவியல் பக்கமிருந்து வந்தது. மகள் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம். வேறொன்றும் இல்லை. அவள் மகளின் தலை, கழுத்து, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“லாரி நின்னுடுச்சும்மா. அப்பா பிரேக் பிடிச்சார், வண்டி நிக்கவே இல்ல. லாரி பின்னாடி எழுதியிருந்ததை நான் படிச்சிட்டேம்மா, அவ்வளவு கிட்ட. அப்பா அப்படியே சைடுல திருப்பி ஜல்லில விட்டுட்டார். பெட்டிதான் லாரில மாட்டிப் பிச்சுக்கிச்சு.”

வண்டி குவியலில் முன்சக்கரம் புதைந்து சாய்ந்து நின்றது. புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரோடு வேலைக்காரர் ஒருவர் கொடுத்த டீ அவர் காலடியில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. எதற்கும் பயப்படாத மனிதர். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

உப்புத்தாளைப் பார்த்ததும் எழுந்தார்.

“என்னடா பிரேக் போட்டுக் குடுத்த? என்னடா போட்டுக் குடுத்த? என் பொண்ணு இருந்தாடா பின்னால!”

உப்புத்தாள் அவரைத் தாண்டி வண்டிக்குப் போனான். சக்கரத்தருகே உட்கார்ந்து தகட்டை விரலால் தடவினான். விரலைப் பார்த்தான். பின்பு அவளைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீ சொன்னதுதான் சரி” என்றார் புருஷன் அவளிடம். “எனக்கு இந்த வண்டி வேண்டாம். யாராவது கேட்டா குடுத்துடலாம். நான் பஸ்லயே போறேன். இனிமே இதை வாசல்ல பாக்க மாட்ட.”

ஒரு மாதமாக அவள் கேட்கத் துடித்த வார்த்தைகள் அவை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வண்டி போய்விடும், காத்திருப்பது போய்விடும், சோறு இறங்கும். உப்புத்தாள் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது அவன் குனிந்த தலையிலேயே தெரிந்தது. தன் பட்டறைப் பெயர் கெட்டாலும் வாங்கிக்கொள்வான். அவள் உண்மையாகவே அதை யோசித்தாள். டீ ஆறுகிற நேரமில்லை, ஒரு நொடிதான். ஆனாலும் யோசித்தாள்.

“தம்பியைத் திட்டாதீங்க. நான்தான்.”

“நீ என்ன?”

“கத்துதேன்னு எண்ணெய் விட்டேன். அந்த ஓட்டைல.”

அவர் அவளையே பார்த்தார். மகளும் பார்த்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

“எத்தனை ஓட்டைல?”

“எல்லாத்துலயும்.”

“ரெண்டு பக்கமும்?”

“ரெண்டு பக்கமும். ஒண்ணு விடல.”

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“என்னைக் கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

“கேட்டேன். சிரிச்சீங்க.”

அவர் ஆறிப்போன டீயை ஜல்லியில் கொட்டினார்.

மகள் பஸ்ஸில் போனாள். அம்மா எழுதிக்கொடுத்த தாள் உதவியது. வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். உப்புத்தாள் தகடுகளைக் கழுவித் தேய்த்து, எண்ணெய் குடித்த பேடுகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டினான். நாலு நாள் புருஷனும் பெண்டாட்டியும் உப்பு, தண்ணீர் என்று கேட்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அவர் வண்டியை எடுத்தார். அவள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்கச் சொல்லும் வாய் தனக்கு இனி இல்லை என்று நினைத்தாள்.

புது பேடு மறுபடியும் கத்தியது. சாயங்காலம் வாசலில் ‘கீ...ச்’ என்று கேட்டதும் அவள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குவாள். பிரேக் பிடிக்கிறது, மனிதர் நிற்கிறார். அந்தக் கத்தலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் வண்டி தெருவில் திரும்பியது கேட்டது. வாசலுக்கு வந்தது கேட்டது. கத்தல் கேட்கவில்லை.

அவள் தட்டைத் தள்ளிவிட்டு, எச்சில் கையோடு ஓடினாள். வண்டி வாசலில் நின்றிருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சத்தம் எங்க?” என்றாள்.

“பேடு பழகிடுச்சு. இனிமே கத்தாது.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “பழகினா நின்னுடும்னு உப்புத்தாள் முதல்லயே சொன்னான். நான்தான் உன்கிட்டச் சொல்லல.”

அவள் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தாள்.

“தொடாத, சுடும்” என்றார்.

அவள் இடது கை விரலைத் தகட்டின்மேல் வைத்து அழுத்தினாள். சுட்டது. பிசுபிசுப்பு இல்லை. சுற்றிவந்து மறுபக்கத் தகட்டிலும் அதே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.